பரவுமா, பரவாதா? மார்க்கர் கட்டுரைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'கோ-நோகோ கேஜ்' தெரியும். ஒரு முனை துளைக்குள் போகணும், மறுமுனை போகக்கூடாது. பீஸ் பாஸா, ரிஜெக்டா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

பெருங்குடல் புற்றுநோய் பரவுமா என்று கணிக்கும் மூலக்கூறு மார்க்கர்களைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த கேஜ்தான் ஞாபகம் வருது. பல கட்டுரைகள் ஒரே வார்ப்பு. சேமித்து வைத்த பழைய கட்டித் திசுக்களில் ஒரு புரதத்தை அளக்கிறார்கள். அது அதிகம் இருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் பரவியது என்று ஒரு வரைபடம் போடுகிறார்கள். சரி, 'அதிகம்' என்பதற்குக் கோடு எங்கே? சில சமயம் அதே தரவில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இடத்தில்தான் கோடு விழுந்திருக்கும். பீஸைப் பார்த்துவிட்டு கேஜைச் செதுக்குகிற வேலை இது. 2005-இல் வந்த 'ரிமார்க்' வழிகாட்டுதல், அந்தக் கோட்டை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதையும் எழுதச் சொல்கிறது.

2009-இல் பெர்லின் குழு அறிவித்த 'மேக்-1' மரபணுவை (எழுத்தில் எம்.ஏ.சி.சி.1) எடுத்துக்கொள்வோம். பரவலைத் தூண்டும் 'மெட்' சமிக்ஞையை அது இயக்குகிறது என்ற உயிரியல் அருமையானது. ஆனால் அது அதிகமாக இருந்தால் மருத்துவர் என்ன செய்யணும்? அங்கே பதில் திக்குது. 'கேராஸ்' மரபணு வேறு ரகம். ஏற்கெனவே பரவிய நோயில் அது பிறழ்ந்திருந்தால் செடுக்சிமாப் பலன் தராது என்று 2008-இல் தெரிந்தது. சுமார் 40 சதவீத நோயாளிகளிடம் இந்தப் பிறழ்வு உண்டு. அவர்களுக்கு அந்த மருந்தும் செலவும் மிச்சம்.

பரவல் விஷயத்திலேயே அப்படி ஒரு கேஜ் வந்திருக்கிறது. இரண்டாம் நிலையில் கட்டியை அகற்றியபின், ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. மிதக்கிறதா என்று பார்ப்பது. 2022-இல் வெளியான ஆஸ்திரேலியாவின் 'டைனமிக்' ஆய்வில் 455 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வழக்கமான முறையில் 28 சதவீதம் பேருக்குக் கீமோ கொடுக்கப்பட்டது. ரத்தத்தைப் பார்த்து முடிவெடுத்தபோது 15 சதவீதம் பேருக்குத்தான். இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாதவர்கள் 92.4, 93.5 சதவீதம். கிட்டத்தட்ட சமம்.

இந்த வித்தியாசம் யாருக்கு முக்கியம்? ஸ்ரீபெரும்புதூர் லைனில் விரல் நுனியால் கனெக்டர் செருகும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியை நினைத்துப் பாருங்க. கீமோ என்றால் மாதக்கணக்கில் சம்பளம் போகும். ஆக்சாலிபிளாட்டின் கொடுத்தால் விரல்கள் மரத்துப்போகலாம், சிலருக்கு அது முழுசாகச் சரியாவதில்லை. தேவையில்லாத கீமோ அவரிடமிருந்து வேலையையே பறிக்கும்.

குறை இங்கேயும் இருக்கு. அந்தச் சோதனையை ஒவ்வொருவரின் கட்டிக்கும் தனித்தனியாக வடிவமைக்கணும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனை மாதிரி இடங்களில் வழக்கமாகச் செய்கிற விலைக்கு அது வரணும். இன்னொரு புதிய புரதத்தைவிட, அந்த விலைக்குறைப்பு பற்றிய கட்டுரையைத்தான் நான் முதலில் படிப்பேன்.