இட்லித் தட்டும் ஷேர் ஆட்டோவும்

'வெண்பா' விளையாட்டை ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதன்மைப் பரிசும், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. நான் கேட்டவரை பேச்சு 'தமிழுக்குப் பெருமை' என்பதோடு நின்றுவிட்டது. பெருமை இருக்கட்டும். நாமும் ஒன்று செய்ய நினைத்தால், இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

1988இல் கனடாவில் வாழும் வெண்பா, பாவலன் தம்பதியின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்துபோயிருக்கிறது. விடுபட்ட படிகளை நாம் ஊகிக்க வேண்டும். முதலில் இட்லி. ஆவி எப்படி மேலே போகும் என்று யோசித்துத் தட்டுகளை அடுக்க வேண்டும். இங்கே தமிழ் என்பது பின்னணிப் படமோ கோலமோ இல்லை, விளையாட்டின் விதியே அதுதான். பின்னால் மகன் கவின் சமைக்கும்போது அவனுடைய அரைகுறைத் தமிழே புதிராகிறது. அதன் உச்சம் அந்த இடம்தான்.

குறையும் உண்டு. வேலை தேடி அலைவதும், ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற தவிப்பும் வசனமாகவே வருகின்றன. நம் கைக்கு வேலை இல்லை. சமையலில் தப்பு செய்தால் ஒன்றும் போகாது, மறுபடி செய்யலாம். காசு இறுக்கமான வீட்டில் ஒரு ஈடு இட்லி வீணானால் அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த வலியை விதிக்குள் கொண்டுவந்திருக்கலாம்.

நம்ம ஊர்ப்பக்கம் வருவோம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரி போகும் ஷேர் ஆட்டோவை வைத்து விளையாட்டு என்றால், பலருக்கும் உடனே தோன்றுவது ரேஸ். அது எந்த ஊருக்கும் பொருந்தும். ஷேர் ஆட்டோவின் உண்மையான விதி வேறு: ஆள் நிறையாமல் கிளம்பாது. ரொம்ப நேரம் நின்றால் உட்கார்ந்தவர் இறங்கிப் போய்விடுவார். சீக்கிரம் கிளம்பினால் டீசல் காசு தேறாது. இந்த இழுபறிதான் விளையாட்டு.

இதைச் சோதிக்கக் கணினி வேண்டாம். தீப்பெட்டி ஆட்டோ, புளியங்கொட்டை பயணிகள், ஒரு பகடை. ஒரு சாயங்காலம் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும். அலுப்பாக இருந்தால் முப்பரிமாணப் படம் போட்டாலும் அலுப்பாகத்தான் இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிறவர்களுக்கு வாரத்தில் ஏழெட்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஒரே வழித்தடம், ஒரே ஆட்டோ, பத்து நிமிஷ ஆட்டம். அதை முடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முதல் நாளே 'கொ', 'ஸ்ரீ' இரண்டையும் திரையில் எழுதிப் பாருங்கள். சிலவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். இலவசமான கோடோ, நான்காம் பதிப்பிலிருந்து இதைச் சரியாகக் கையாள்கிறது.

கடைசியாக, தினமும் அந்த ஆட்டோவில் போகிற ஒருவரிடம் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.