நகையும் நட்பும்: எரிக் கெஸ்ற்னரின் ‘பறக்கும் வகுப்பறை’

சிறுவர்க்கென எழுதப்படும் கதை நகை பயப்பதாக இருத்தல் வேண்டும் என்பது யாவரும் உடன்படும் கருத்தாகும். ஆயின், அந்நகை யாரை நோக்கி எழுகின்றது என்று வினவுவோர் சிலரே. தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நிலைக்களன் நான்கு வகுத்து, எள்ளலை அவற்றுள் முதற்கண் வைத்தார். இளமையையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். எள்ளலிற் பிறக்கும் நகையும் இளமையிற் பிறக்கும் நகையும் ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்து ஒலிப்பன. இவ்விரண்டினையும் வேறு பிரித்துணர்த்தும் சிறுவர் நாவல்களுள், ஜேர்மன் எழுத்தாளரான எரிக் கெஸ்ற்னர் (1899–1974) 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பறக்கும் வகுப்பறை’ தலைசிறந்த ஒன்றாகும்.

கிர்ச்பேர்க் என்னும் கற்பனை நகரிலுள்ள விடுதிப் பாடசாலையொன்றில், நத்தார் விடுமுறைக்கு முந்திய சில நாள்களில் நிகழ்வன இந்நாவலிற் கூறப்படுகின்றன. வகுப்பில் முதல்வனாகிய வறிய மாணவன் மாட்டின். தந்தையாற் கைவிடப்பட்டு, நான்கு வயதில் நியூயோர்க்கிலிருந்து தனியே கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஜோனி. எந்நேரமும் பசித்திருக்கும் மத்தியாஸ். அச்சமே இயல்பாகிய சிறுவன் உலி. எதனையும் ஐயுறும் செபஸ்தியன் ஆகிய ஐவரும் நண்பர். ஜோனி இயற்றிய நாடகத்தின் பெயரே நாவலுக்கும் பெயராயிற்று. புவியியற் பாடத்தை ஏட்டிற் கற்பதை விடுத்து, வகுப்பினர் விமானமேறி உலகைக் கண்டு கற்பதாக அமைந்தது அந்நாடகம்.

நூலில் நகைச்சுவைக்குக் குறைவில்லை. வெயிற்காலத்தில் மலையடிவாரத்திற் கன்றுக்குட்டியொன்றின் தோழமையுடன் அமர்ந்து, பனிக்காலக் கதை எழுதப் பாடுபடும் ஆசிரியரை முன்னுரையிலேயே காண்கின்றோம். புகைப்பவராயிருந்தும் ‘புகைபிடியாதவர்’ என்று பெயர் பெற்ற ஒருவர் கதையில் வருகின்றார். புகைபிடியாதவர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த பழைய புகைவண்டிப் பெட்டியொன்றில் வாழ்வதே அப்பெயர்க்குக் காரணம். இவை யாரையும் புண்படுத்தாத நகை. எனினும், அதே முன்னுரையில், குழந்தைகள் எப்பொழுதும் இன்பத்திலேயே திளைப்பதாக எழுதும் ஆசிரியரைக் கெஸ்ற்னர் கடிந்துரைக்கின்றார். சிறுவனின் கண்ணீர் முதியோரின் கண்ணீரினும் எடையிற் குறைந்ததன்று என்பது அவர் கொள்கை. அக்கொள்கையே நூலின் நகைக்கு எல்லை வகுத்தது.

அவ்வெல்லை மீறப்படும் காட்சியொன்று நூலின் நடுவே அமைந்துள்ளது. வகுப்பினர் உலியைக் குப்பைக் கூடையில் இட்டு உயரத் தூக்கிக் கட்டிவிட்டு நகைக்கின்றனர். இது எள்ளல். உள்ளே வரும் ஆசிரியர் குரோய்ஸ்காம், முகத்தில் மாற்றமேதுமின்றிப் பிறரை நகைக்க வைக்கும் இயல்பினர். ஆயினும் இவ்விடத்து அவர் விதிக்கும் தண்டனை விளையாட்டன்று. தீங்கு நிகழுமிடத்து அதனைச் செய்தார் மட்டுமன்றித் தடுக்காது நின்றாரும் குற்றவாளிகளே என்னும் பொருளுடைய வாசகமொன்றை மாணவர் அனைவரும் எழுதுமாறு அவர் பணிக்கின்றார். 1933 மே 10ஆம் நாள் பேர்லின் நகரில் நாசிகள் நூல்களை எரித்தபோது, கெஸ்ற்னரின் நூல்களும் தீக்கிரையாயின. கூட்டத்தினிடையே நின்று அவரும் அதனைக் கண்டார். அவ்வாண்டிலேயே இந்நாவல் வெளிவந்தமையை நினையுங்கால், வகுப்பறைக்கு உரைத்த அறிவுரை வகுப்பறையோடு நின்றுவிடவில்லை என்பது புலனாகும்.

இவ்வளவு நுண்ணுணர்வுடைய நூலிலும் ஆராய்தற்குரிய இடமொன்று உண்டு. தன் அச்சத்துக்கு நாணிய உலி, அனைவரும் காணக் குடையொன்றைப் பிடித்துக்கொண்டு உடற்பயிற்சிக் களத்தின் ஏணியிலிருந்து குதித்துக் கால் முறிகின்றான். அதன்பின் அவனை இகழ்வாரில்லை. வாழ்நாள் முழுதும் பிறர் தன்னை மதியாரென அஞ்சிக் கிடப்பதினும் முறிந்த கால் நன்றென்னும் கருத்தும் கதையில் முதியோர் வாய்மொழியாக வருகின்றது. அங்ஙனமாயின், அச்சமுடையான் தன் உடலை விலையாகக் கொடுத்தே தோழரிடை இடம்பெறல் வேண்டுமோ? கூடையிலிட்டுத் தூக்கியோர் மாறவேண்டியிருக்க, தூக்கப்பட்டவனே மாறவேண்டும் என்பது நீதியாகுமோ? சிறுவர் கையில் வைக்கும் நூலுக்கு இவ்வினாக்கள் சிறியனவல்ல.

இவற்றுக்கு விடையும் நூலினுள்ளேயே கிடைக்கின்றது. பிறர் மதிக்கும்படியான செயலொன்றைச் செய்யுமாறு உலிக்கு முன்னர் எடுத்துரைத்தவன் அவன் உயிர்த்தோழனான மத்தியாஸே. பகைவர் இகழ்ச்சியினும் நண்பனின் நல்லெண்ணமே அச்சிறுவனை ஏணியில் ஏற்றியது எனலாம். விழுந்த நண்பனை எண்ணி மத்தியாஸ் கண்ணீர் சொரிந்து தன்னையே நொந்துகொள்கின்றான். வலியோன் அழுகின்ற அவ்விடத்தில், உலியின் வீரத்தைக் காட்டிலும் அதற்கு நேர்ந்த விலையே வாசகர் நெஞ்சில் நிற்கின்றது. செபஸ்தியனின் கூற்று இதனினும் கூரியது: தானும் அச்சமுடையவனே என்றும், அதனை வெளிக்காட்டாத அறிவு தனக்குண்டென்றும், அதற்காகத் தான் பெரிதும் நாணுவதில்லை என்றும் அவன் ஒப்புக்கொள்கின்றான். ஆகவே அச்சம் உலிக்கு மட்டும் உரியதன்று. மறைக்கத் தெரியாமையே அவன் குறை. இதனை உணர்ந்தார்க்கு உலியை எள்ளுதற்கு இடமேயில்லை.

விலை கேளாத அன்பினை நாவல் பிறிதோரிடத்தில் முழுமையாகக் காட்டுகின்றது. வீடு செல்ல மாட்டினுக்கு 8 மார்க் வேண்டியிருக்க, அவன் தாயால் அனுப்ப இயன்றது 5 மார்க் மட்டுமே. பிறர் அறியாதவாறு அவன் விடுதியில் எஞ்சிவிடுகின்றான். விடுதியாசிரியர் போக் அவன் துயரறிந்து 20 மார்க் கொடுத்து அனுப்புகின்றார். அதனைப் பெற மாட்டின் எந்த ஏணியிலிருந்தும் குதிக்கவில்லை. இளமையில் அதே விடுதியில், நோயுற்ற தாயைக் காணத் தவித்தபோது துயருரைக்க ஆளின்றி நின்றவர் போக். மாணவர்க்கு அத்தகைய ஒருவர் வேண்டுமென்றே அவர் அங்கு ஆசிரியராயினார். உலிக்குக் கிடைத்தது வியப்பால் வந்த மதிப்பு. மாட்டினுக்குக் கிடைத்தது துயருணர்ந்து வந்த அன்பு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் கெஸ்ற்னர் விரித்துரைக்கவில்லை; ஆயினும் இரண்டினையும் ஒரே நூலில் அருகருகே வைத்துள்ளார்.

1960ஆம் ஆண்டில் ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன் விருது பெற்ற இவ்வாசிரியரின் சிறப்பு, சிறுவரை நகைக்க வைத்ததோடு அமையாமல், தாம் எப்பொழுது நகைத்தலை நிறுத்தவேண்டும் என்பதையும் அவர்களை உணரச் செய்தமையேயாகும். இந்நூலைப் படிப்பிக்கும் ஆசிரியர் உலியின் துணிவைப் புகழ்ந்து அமைவாராயின், கூடையைத் தூக்கிய கைகளை மறந்தவராவர். அவன் குதித்ததற்கு முன்னரே அவனை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டியவர் யாவர் என்று வகுப்பினை வினவுவாராயின், நூலின் பயன் முற்றும் கைவரும்.