பெயருக்குத் திரும்புவதும் வண்டிக்குத் திரும்புவதும்

பஜாஜ் நிறுவனம் 2022இல் பல்சர் 220எஃப் வண்டியை நிறுத்திவிட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, 2021 அக்டோபரில், எஃப்250 வந்திருந்தது. எஞ்சின் பெரியது, விளக்கு எல்.இ.டி., உடம்பு புதிது. 220 வைத்திருந்தவர்கள் எல்லாம் இனி இதற்குத்தான் மாறுவார்கள் என்று கம்பெனி கணக்குப் போட்டிருக்க வேண்டும். 2023இல் 220எஃப் மறுபடியும் ஷோரூமுக்கு வந்தது, முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல். வண்டியை விற்றுவிட்டுப் பிறகு ஏங்கித் திரும்புகிற ஆட்கள் எப்போதும் உண்டு. தயாரித்த கம்பெனியே திரும்பி வருவது அபூர்வம்.

இந்தத் திரும்புதல் தமிழ்நாட்டில் ஒரு மாதிரியும், இலங்கையில், குறிப்பாக யாழ்ப்பாணத்துப் பக்கம், வேறு மாதிரியும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்: ஒரு பழைய வண்டி, ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்துக்கொண்டிருக்கும் நடுவயது மனிதர். கிட்டப் போய் விசாரித்தால், நம்மவர் பெரும்பாலும் ஒரு பெயருக்குத் திரும்பியிருப்பார். அங்கிருப்பவர் அதே வண்டிக்குத் திரும்பியிருப்பார்.

2003இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா வந்தது. தங்க நாற்கரத் திட்டத்தில் நான்குவழிச் சாலைகள் போடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 223 சிசி, காற்றிலேயே குளிரும் எஞ்சின், கார்புரேட்டர், முன்னால் அரை ஃபேரிங். ஏறக்குறைய 17 குதிரைத்திறன். இன்றைக்குக் கல்லூரிப் பையன்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஹேண்டில் உயரத்திலும் சீட் அகலத்திலும் யாரோ அனுபவப்பட்ட ஆள் கை வைத்திருக்கிறார். உடம்பு லேசாக முன்னால் சாயும், மணிக்கட்டில் பாரம் இறங்காது. நெஞ்சில் அடிக்க வேண்டிய காற்றை ஃபேரிங் தோளுக்கு மேலே தள்ளிவிடும். சென்னையில் விடியற்காலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சியைத் தாண்டியிருக்கலாம், இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பின்னால் உட்கார்ந்து வந்த மனைவியும் பேசும் நிலையில் இருப்பார். ஸ்போர்ட் டூரிங் என்று வெளிநாட்டில் ஆயிரம் சிசி வண்டிகளுக்குச் சொல்வதை நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் காட்டியது கரிஸ்மாதான். பிறகு பல்சர் 220 அதே வேலையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்தது.

அப்புறம் ஆசை வந்தது. 2013இல் கேடிஎம் 390 டியூக், 2016இல் ஹிமாலயன், அந்த வருடக் கடைசியில் டோமினார். பழசைத் தள்ளிவிட்டுப் புதுசுக்கு டியூ கட்டத் தொடங்கினார்கள். ஃபேரிங் இல்லாத வண்டியில் நூறைத் தாண்டினால் காற்று ஆளைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. மலையேறப் பிறந்த வண்டியின் சீட் உயரத்துக்கு, ஐந்தரை அடி ஆள் சிக்னலில் ஒற்றைக் கட்டைவிரலில் நிற்க வேண்டியிருக்கிறது. ரேஸ் வண்டி பெட்ரோல் பங்க் வரைக்கும் சுகம், திண்டிவனம் வந்தால் கழுத்து வலி. இவை ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றில் கரிஸ்மாவை அடித்துவிடும். எல்லாவற்றிலும் சுமாராக இருப்பதில் மட்டும் கரிஸ்மாவை அடிக்க ஆளில்லை.

ஆக, திரும்புகிறார்கள். ஆனால் எதற்கு? விற்ற வண்டி கிடைப்பதில்லை. கிடைப்பது இன்னொருவர் ஓட்டி, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, யாரோ ஒரு பையன் சைலன்ஸரை அறுத்து, சாயம் மாற்றிய வண்டி. 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ்100க்கு இன்று நல்ல நிலையில் இருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். 98 சிசி வண்டிக்கு! இந்த ஏக்கத்தைக் கம்பெனிகளும் மோப்பம் பிடித்துவிட்டன. மைசூரில் 1996இல் மூடிய ஐடியல் ஜாவாவின் யெஸ்டி பெயர் 2022இல் புது வண்டிமீது ஒட்டப்பட்டு வந்தது, அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தம் இல்லாமல். 2023இல் கரிஸ்மா எக்ஸ்எம்ஆர் வந்தது: 210 சிசி, தண்ணீரில் குளிரும் எஞ்சின், ஆறு கியர், 25.5 குதிரைத்திறன். வண்டியில் குறையில்லை. அதைக் கரிஸ்மா என்று கூப்பிடத்தான் எனக்கு வாய் வரவில்லை.

இனி கடலுக்கு அந்தப் பக்கம்.

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. டொலர் கையிருப்பைக் காப்பாற்றத்தான். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருடம். பழைய வண்டிகளின் விலை இறங்குவதற்குப் பதில் ஏறியது. வாங்கிய விலைக்கு மேலேயே விற்கலாம், ஆனால் அந்தக் காசுக்கு அதைவிட நல்லதாக எதுவும் வராது. 'வித்துப்போட்டு என்னத்தை வாங்கிறது?' என்ற பேச்சு அங்கே சாதாரணம். இறக்குமதி திறந்திருந்த காலத்திலும் வரி கடுமைதான். நாம் மூன்று வருடத்துக்கு ஒரு வண்டி மாற்றிப் பார்க்கிறோமே, அந்த விளையாட்டுக்கே அங்கே இடம் குறைவு.

அதனால் 'வேறு வண்டி பார்த்துவிட்டுத் திரும்புவது' என்பது அங்கே வேறு வடிவம் எடுக்கும். பழையதை விற்காமல் கொட்டிலில் நிறுத்திவிட்டு இன்னொன்றை எடுப்பார்கள். லீசிங் கட்டி இந்தியப் பல்சர் எடுப்பார்கள். கொஞ்சம் வசதிப்பட்டவர் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த ஹொண்டா ஹோர்னெட் 250, ஜேட் 250, இரட்டை விளக்கு பாஜா என்று போவார். ஹோர்னெட்டில் 250 சிசிக்குள் நான்கு சிலிண்டர்! நம் ஊரில் பார்க்கக் கிடைக்காத பண்டம், சத்தத்தைக் கேட்டால் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கார்புரேட்டருக்குப் பதில் நான்கைச் சுத்தம் செய்ய வேண்டும், சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏற வேண்டும். அப்போது கொட்டிலில் நிற்கும் எம்.டி. 90 ஞாபகத்துக்கு வரும். ஜப்பானியத் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா செய்த வண்டி அது. இலங்கைக்கு வந்து ஆசிரியர், கமக்காரர், மீன் வியாபாரி எல்லோரையும் சுமந்தது.

2022இல் அந்த நினைப்பு கட்டாயமாகிவிட்டது. பெட்ரோல் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை. ஜூலையில் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தது; தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லிட்டர். நாலு லிட்டரில் பெரிய வண்டி எத்தனை தூரம் போகும்? உறையை எடுத்து, பிளக்கைத் துடைத்து, பழசை உதைத்தார்கள். வடக்கில் இது முதல் தடவையும் இல்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் யாழ்ப்பாணத்துக்கு வராது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் புகைந்துகொண்டாவது ஓடின. கரிஸ்மாவிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஆட்கள் உருகிவிடுவார்கள். இலங்கைக்காரர்களுக்கு வண்டிமேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று எழுதுவார்கள். பாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த விசுவாசத்தின் பெரும்பகுதியைச் செய்தது தட்டுப்பாடும் வரியும் போரும். சாலையும் ஒரு காரணம். கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதி சுமார் 320 கிலோமீட்டர், பெரும்பாலும் இருவழிதான். அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா போகிறவருக்கு 125 சிசி போதும். நூறில் நாள் முழுக்க ஓட்டும் வண்டியின் அருமை தெரிவதற்கான இடமே அங்கே குறைவு. சென்னை-மதுரை ஓட்டுகிறவரின் தேவையையும் அவரின் தேவையையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை.

ஆனால் கட்டாயம் ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றில், கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து எடுப்பார்கள், வேறு மாடலின் கேபிளை வெட்டிப் பொருத்துவார்கள், பிஸ்டன் ஓவர்சைஸில் எத்தனையாவது போர் என்று வண்டியின் ஜாதகத்தையே ஒப்பிப்பார்கள். அங்கே வண்டியோடு அதைத் தெரிந்த கையும் கூடவே இருந்துவந்திருக்கிறது. நம் ஊரில் கரிஸ்மாவுக்குத் திரும்புகிறவர் முதலில் வண்டியை வாங்கிவிட்டு, பிறகு மெக்கானிக்கைத் தேடுகிறார். அந்த எஞ்சினைப் பிரித்தவர் இதற்குள் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கடை வைத்திருப்பார். சென்னைப் புதுப்பேட்டையில் சாமான் கிடைக்கும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பது கடவுளுக்கு வெளிச்சம்.

சட்டமும் இரண்டு பக்கமும் வேறு. இலங்கையில் வருடா வருடம் புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம். இவை ஒழுங்காக இருந்தால் வண்டியின் வயதை யாரும் கேட்பதில்லை. இங்கே 15 வருடத்தில் ஆர்.சி. காலாவதி, பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருசக்கர வாகனத்துக்கான கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1000 ஆனது. பசுமை வரி தனி. டெல்லியில் 15 வருடப் பெட்ரோல் வண்டிக்கு வந்த தடை நமக்கு இல்லை என்பது ஆறுதல். ஆனால் காகிதம் போன கரிஸ்மாவை மலிவாகத் தள்ளிவிட ஆள் நிறைய. இலங்கையில் இதன் தம்பி, பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவத்தோடு கைமாறும் வண்டி.

திரும்ப நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக் உங்கள் ஊரில் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அவரை அழைத்துக்கொண்டு வண்டி பார்க்கப் போங்கள். இன்னும் விற்காதவர்கள் விற்காதீர்கள். ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே 25ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம்.