ஜேர்மனியின் கடனும் கிளிநொச்சியின் கடன் கொப்பியும்

கடந்த இதழில் நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையின் வாதம் இதுதான்: ஜேர்மனியும் யப்பானும் சாம்பலிலிருந்து எழுந்தன, கல்வியும் உழைப்பும் கொண்ட எமது மக்களாலும் அது முடியும், புலம்பெயர்ந்தோரின் மூலதனம் போய்ச் சேர்ந்தால் போதும். டண்டினோங்கிலும் வென்ற்வேர்த்வில்லிலும் நடக்கும் ஒன்றுகூடல்களில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் பொருளியல் விரிவுரையாளனாக இருந்தபோது, இதே கதையைக் கிட்டத்தட்ட இதே சொற்களில் நானும் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனவே இக்குறிப்பை எனது பழைய விரிவுரைக் குறிப்புகளின் மீதான விமர்சனமாகவும் கொள்ளலாம்.

முதலில் அந்தச் 'சாம்பல்'. மேற்கு ஜேர்மனியில் நகரங்கள் தரைமட்டமானது உண்மை. ஆனால் போர்க்கால முதலீட்டினால், 1945 இல் அங்கு எஞ்சியிருந்த தொழிற்துறை மூலதனம் 1936 இல் இருந்ததைவிட அதிகம் என்று பொருளியல் வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். யப்பானில் 1946 இல் தொடங்கிய நிலச்சீர்திருத்தம் நிலத்தை உழுதவனுக்கே கொடுத்தது. நிலத்தில் ஏறத்தாழ 46 வீதம் குத்தகையில் இருந்த நிலை மாறி, அது 10 வீதமளவுக்கு இறங்கியது. 1950 இல் கொரியப் போர் வெடித்ததும், அமெரிக்க இராணுவத்தின் கொள்வனவுகள் யப்பானியத் தொழிற்சாலைகளுக்கு உயிர் கொடுத்தன. அயலவனின் அழிவில் இவனுக்குச் சந்தை கிடைத்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு 'உழைப்பு' என்று மட்டும் சொல்வது, உழைத்தும் எழாதவர்களை மறைமுகமாகச் சோம்பேறிகள் என்று சொல்வதாகும்.

இங்கு நான் அழுத்த விரும்புவது கடன் பற்றியது. 1953 பெப்ரவரியில் கையெழுத்தான லண்டன் உடன்படிக்கை ஜேர்மனியின் வெளிநாட்டுக் கடனில் ஏறத்தாழ அரைவாசியைத் தள்ளுபடி செய்தது. மிகுதியையும் அந்நாட்டின் ஏற்றுமதி தாங்கக்கூடிய அளவில், நீண்ட காலத்துக்குப் பிரித்துக் கட்ட விட்டது. கடன் கொடுத்தவர்களின் பக்கத்தில் கையெழுத்திட்ட நாடுகளுள் அன்றைய இலங்கையும் ஒன்று. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1951 இல், சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் யப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம் என்று ஜே.ஆர். ஜயவர்த்தன பேசியதை நாமெல்லோரும் பள்ளியில் பெருமையாகப் படித்தோம். அழிந்த நாடு கடன் சுமையோடு எழாது என்பதை இலங்கை அரசு அறியாததல்ல. அந்நியருக்கு அதைச் செய்தும் காட்டியது.

இனி வன்னிக்கு வருவோம். 2009 மேயில் போர் முடிந்தது. 'வடக்கின் வசந்தம்' அறிவிக்கப்பட்டது. ஏ9 வீதி திருத்தப்பட்டது. யாழ்தேவி 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. வீதியும் ரயிலும் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த வீதியால் ஏற்றிச் செல்வதற்கு வன்னியில் விளைந்தது குறைவு, ஏற்றி வரப்பட்டது அதிகம். 1990 இல் மூடப்பட்ட காங்கேசன்துறைத் தொழிற்சாலை போர் முடிந்த பின்னும் சீமெந்து அரைக்கவில்லை. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் வந்தது 2013 ஏப்ரலில், அதாவது போர் முடிந்து நான்கு வருடங்களின் பின். மீனவருக்குக் கடல் திறந்தபோது, அங்கே இந்திய இழுவைப் படகுகள் நின்றன.

பொருட்களை விற்க ஆட்கள் வந்தார்கள், வாங்க மக்களிடம் பணமில்லை. எனவே கடன் வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு லீசிங், உழவு இயந்திரத்துக்கு லீசிங், பெண்களுக்குக் குழுக்கடன். இந்திய வீட்டுத்திட்டம் கொடுத்த ஐந்தரை இலட்சம் ரூபா கட்டி முடிக்கப் போதாமல், நகையை அடகு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் ஏராளம்.

என்னிடம் படித்த பிள்ளை ஒன்று கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணவன் இல்லை. சில வருடங்களுக்கு முன் தொலைபேசியில் சொன்னாள்: "சேர், திங்கள் ஒருத்தர், புதன் ஒருத்தர், வெள்ளி ஒருத்தர் வருவினம். புதன்காரருக்குக் கட்டத்தான் வெள்ளிக்காரரிட்ட எடுத்தனான்." கடன் கொப்பிகள் மூன்றும் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். அயலும் உறவும் என்று எஞ்சியிருந்த ஒரேயொரு மூலதனத்தையும் இந்த ஏற்பாடு அடகுப் பொருளாக்கிவிட்டது.

2018 இல் இலங்கைக்குப் போன ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நிறுவனங்கள் வருடத்துக்கு 220 வீதம் வரை வட்டி அறவிட்டதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் அரசு வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதித்து, வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஒன்பது வருடம் தாமதித்து, அரைகுறையாக வந்த லண்டன் உடன்படிக்கை! 2022 ஏப்ரலில் அரசு தன் சொந்த வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தபோது, உலகமே மேசைக்கு வந்தது. எனது மாணவி கட்டமுடியாது என்றபோது, வந்தவர் படலையடியில் இருட்டும்வரை நின்றார்.

நாம் வாழும் இந்த நாட்டைப் பாருங்கள். போர் முடியுமுன்பே, 1942 இல், அவுஸ்திரேலியா போருக்குப் பிந்திய புனரமைப்புக்கென ஓர் அமைச்சை ஏற்படுத்தியது. 1945 இன் வெள்ளை அறிக்கை முழு வேலைவாய்ப்பை அரசின் கடமையாக்கியது. 1949 இல் தொடங்கிய ஸ்நோவி மலைத் திட்டத்தில், முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் உட்பட ஒரு இலட்சம் பேருக்கு மேல் வேலை செய்தனர். வேலை முதலில் வந்தது. (வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை அந்த வேலையை எமக்குத் தந்திராது என்பது வேறு கதை.)

எமது தொழிற்சாலையில் என்னோடு பொதி கட்டும் வியட்நாமிய அண்ணர் படகில் வந்தவர். தன் நாட்டு அரசைப் பற்றி அவரிடம் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ஆனாலும் 1988 இல் நிலத்தை விவசாயக் குடும்பங்களின் கையில் கொடுத்ததும், அரிசி இறக்குமதி செய்த நாடு அடுத்த வருடமே ஏற்றுமதி செய்ததை அவர் மறுப்பதில்லை. இரவு வேலை இடைவேளையில் நாங்கள் செய்யும் பொருளியல் ஆய்வு இவ்வளவுதான்.

அப்படியானால் புலம்பெயர் பணம்? அது போகத்தான் செய்கிறது. கோபுரமாக, கல்யாண மண்டபமாக, பூட்டிய மாடிவீடாக. காணி விலையை ஏற்றி, அங்கேயே இருப்பவனை வாங்கமுடியாதவனாக்கியதில் எமக்குப் பங்குண்டு. மறுபக்கத்தில் 'அரசியல் தீர்வு வரும்வரை பொருளாதாரம் பேசாதே' என்போர் இருக்கிறார்கள். காணியை யார் வைத்திருப்பது, கடலில் யார் இழுப்பது, வட்டியை யார் தீர்மானிப்பது என்பவை அரசியல் இல்லையென்றால் வேறெது அரசியல் என்று அவர்கள் விளக்கவேண்டும்.

நண்பர் முன்மொழியும் முதலீட்டு நிதியை நான் எதிர்க்கவில்லை. அதன் முதல் டொலர் எங்கே போகவேண்டும் என்பதில்தான் எமக்குள் முரண்பாடு. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்களில் இன்னமும் இருக்கின்றன. அவற்றினூடாக அந்தக் கொப்பிகளை மூடிய பிறகு தொழிற்பேட்டை பற்றிப் பேசலாம் என்பது என் கட்சி. இதற்கு எவ்வளவு தேவைப்படும், யார் கணக்கு வைப்பது என்பதை அடுத்த இதழில் அவர் எழுதினால், நான் பதில் எழுதக் காத்திருக்கிறேன்.