திருச்சிக்கு 12, பெங்களூருக்கு 58

மத்திய அரசின் 2018 'வாழ எளிதான நகரங்கள்' பட்டியலில் 111 ஊர்கள். திருச்சிக்கு 12-ஆம் இடம், பெங்களூருக்கு 58. அடுத்த பட்டியல் 2020-க்கானது. அதில் பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் பெங்களூரு முதலிடம்! இரண்டே வருஷத்தில் ஊர் அவ்வளவு மாறியிருக்காது. அளவுகோல் மாறியது: நகரங்களை இரண்டாகப் பிரித்தார்கள், மக்கள் கருத்துக்கு 30 சதவீதம் கொடுத்தார்கள்.

கருத்து கேட்டது நல்லதுதான். ஆனா கேட்டது நகரத்துக்குள் இருப்பவர்களிடம். கொள்ளிடம் தாண்டினா மண்ணச்சநல்லூர், ரைஸ் மில் ஊர். தினமும் திருச்சிக்கு பஸ் ஏறி வேலைக்குப் போய்ட்டு, ராத்திரி இங்கேயே திரும்புறவங்க இருக்காங்க. வாடகை, சொந்த மனை, பக்கத்துலயே சொந்தக்காரங்க என்று அதற்குக் காரணங்கள் உண்டு. திருச்சியின் வசதியை அனுபவிக்கிற இவங்க அதன் மதிப்பெண்ணில் இல்லை. நகரம் என்ன வசதி தருதுன்னு பட்டியல் சொல்லும். எங்கே இருக்கப் பிடிக்குதுன்னு சொல்லாது.