ஊசியும் ஆவிகளும்

1954-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. விமானம் ஓட்டத் தெரிந்த, ஆனால் மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை ஒரு சிறிய விமானத்தில் ஏற்றினார்கள். பக்கத்தில் பயிற்றுநர். வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டு, இனி நீங்களே ஓட்டுங்கள் என்றார்கள். 19 பேர் சுழன்றபடி கீழே இறங்கத் தொடங்கினார்கள். மிச்சமிருந்த ஒருவர் மூக்கை மேலே தூக்கித் தூக்கி வேகத்தை இழந்தார். கட்டுப்பாடு போவதற்குச் சராசரியாக 178 விநாடி ஆனது. மூணு நிமிஷம்கூட இல்லை.

இருபது பேரில் யாரும் முட்டாள் இல்லை. கோளாறு காதில் இருக்கிறது. சின்ன வயதில் கரகரவண்டி சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால், உலகம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் இல்லையா? உள்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் செய்கிற வேலை அது. திருப்பம் தொடங்கும்போது அதற்குத் தெரியும். ஒரே சீராக இருபது விநாடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே ஓடிப் பழகிவிடும், நேராகப் போகிறோம் என்று சொல்லிவிடும். விமானி நிஜமாகவே நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகக் கத்தும். உடனே அவர் மறுபடியும் பழைய திருப்பத்துக்குள் போய் நிம்மதியாக உட்காருவார். உயரம் குறைவதைப் பார்த்து ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பார். சாய்ந்த விமானத்தில் பின்னால் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும்.

இலக்கிய மாணவர்கள் 'நம்பமுடியாத கதைசொல்லி' என்று படிப்பார்கள். அந்த ஆள் நம் மண்டைக்குள்ளேயே, காதுக்குப் பின்னால் குடியிருக்கிறார்.

இதற்கு ஒரே மருந்து, பொய் சொல்லாத ஒரு ஊசியைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு, உடம்பு என்ன சொன்னாலும் கேட்காமல் இருப்பது. இன்று அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே ரிவெட் அடித்து விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அப்படிக் கட்டியதில் தனியாக ஏறி மேகத்துக்குள் போகிறவர்களும் உண்டு. ஓட்டுவது, வழி பார்ப்பது, ரேடியோவில் பதில் சொல்வது எல்லாம் ஒரே ஆள். ஆனாலும் அவர்களிடம் கண்ணாடித் திரைகள் இருக்கின்றன, ஆட்டோபைலட் இருக்கிறது. இது எதுவும் இல்லாத காலத்தில் ஒருவன் 33 மணி நேரம் இப்படி ஓட்டினான். அதைப் பற்றி அவனே இரண்டு முறை எழுதினான். எனக்குப் பேச வேண்டியது அந்த இரண்டு புத்தகங்களைப் பற்றித்தான்.

சார்லஸ் லிண்ட்பெர்க் 1927 மே 20 காலை நியூயார்க்கில் கிளம்பி மறுநாள் இரவு பாரிஸில் இறங்கினார். வயது 25. அதே ஆண்டு ஜூலையில் 'வீ' வந்துவிட்டது. பத்திரிகையாளர் ஒருவர் எழுதித் தந்த பிரதி பிடிக்காமல், அவசர அவசரமாகத் தானே உட்கார்ந்து எழுதியது. 'நாம்' என்றால் நானும் என் விமானமும் என்று உலகமே உருகியது. அவரோ, தலைப்பு பதிப்பாளர் வைத்தது, 'நாம்' என்றால் நானும் செயின்ட் லூயிஸில் எனக்குப் பணம் போட்டவர்களும் என்று கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தார்! அந்தப் புத்தகத்தில் அட்லாண்டிக் பயணத்துக்குச் சில பக்கங்கள்தான். கிளம்பினேன், மூடுபனி, பனிக்கட்டி, அயர்லாந்து, பாரிஸ். பின்பகுதி முழுக்க வேறொருவர் எழுதிய வரவேற்பு வர்ணனை.

26 ஆண்டு கழித்து, 1953-ல், 'தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்'. அடுத்த ஆண்டு புலிட்சர். இதில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு அத்தியாயம். எல்லாம் நிகழ்காலத்தில். இருபது மணி நேரம் தாண்டிய பிறகு ஒரு விஷயம் நடக்கிறது, அது 'வீ'யில் சுத்தமாக இல்லை. விமானத்தின் பின்பகுதி ஆவிகளால் நிரம்புகிறது. எடை இல்லாத, ஊடுருவிப் பார்க்கக்கூடிய மனித உருவங்கள். தலையைத் திருப்பாமலே அவருக்கு அவை தெரிகின்றன. பயமுறுத்தவில்லை. பழகிய சொந்தக்காரர்கள் மாதிரி முன்னால் வந்து, வழி பற்றிப் பேசி, ஆறுதல் சொல்லிவிட்டுப் பின்னால் போகின்றன.

இதை ஏன் 1927-ல் சொல்லவில்லை என்ற கேள்விக்குச் சுலபமான பதில் இருக்கிறது. வணிக விமானப் போக்குவரத்தை மக்கள் நம்ப வேண்டும் என்று ஊர் ஊராகப் போன இளைஞன், எனக்குப் பின்னால் ஆவிகள் உட்கார்ந்திருந்தன என்று சொல்ல முடியுமா? ஆனால் எனக்கு வேறு ஒன்றும் தோன்றுகிறது. மென்பொருள் வேலையில் ஒரு சர்வர் விழுந்து எழுந்தால், பிறகு அறிக்கை எழுதுவோம். ஒருமுறை 27 மணி நேரம் தூங்காமல் ஒரு தரவுத்தளத்தை மீட்டேன். விடியற்காலையில், செத்துப்போய் நாலு வருஷம் ஆன என் பாட்டி சமையலறையிலிருந்து "சாப்டியாடா?" என்று கேட்டது. தெளிவாகக் கேட்டது. நானும் "ஆச்சு பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டளையைத் தட்டினேன். அறிக்கையில் 4:10-க்கு என்ன செய்தேன் என்று இருக்கிறது. பாட்டி இல்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை. அந்த வடிவத்தில் பாட்டிக்கு ஒரு கட்டம் கிடையாது, அவ்வளவுதான். 'வீ' ஓர் அறிக்கை. ஆவிகளுக்கு இடம் கொடுக்கிற வடிவத்தைக் கண்டுபிடிக்க அவருக்குக் கால் நூற்றாண்டு ஆனது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இரண்டாவது புத்தகத்தின் முதல் பகுதியை, விமானம் கட்டும் கதையை, பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். ஒரு தபால் விமானி 15,000 டாலரோடு நியூயார்க் போகிறான். விமானத்தை விற்கிறோம், ஆனால் யார் ஓட்டுவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்கிறார்கள். திரும்பி வந்து, சான் டியேகோவில் மீன் ஆலை வாடை வீசும் ஒரு சின்னப் பட்டறையைப் பிடிக்கிறான். வடிவமைப்பாளர் டொனால்ட் ஹாலும் அவனும் பொது நூலகத்துக்குப் போய் உலக உருண்டையில் நூலை வைத்து நியூயார்க்–பாரிஸ் தூரத்தை அளக்கிறார்கள். 3,600 மைல். 60 நாளில் விமானம் தயார். மற்றவர்கள் மூன்று எஞ்சின், மூன்று நான்கு பேர் என்று கிளம்பும்போது இவன் ஒரே எஞ்சின், ஒரே ஆள். மூன்று எஞ்சின் என்றால் கெட்டுப்போக மூன்று வாய்ப்பு. இன்னொரு ஆளின் எடைக்குப் பெட்ரோல் போடலாம். வரைபடத்தின் ஓரங்களைக்கூட வெட்டி எறிகிறான். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கங்கள் தரும் சந்தோஷத்தை விளக்க முடியாது.

பெரிய டேங்கை எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில் வைத்ததால் முன்னால் பார்க்கக் கண்ணாடியே இல்லை. பக்கவாட்டு ஜன்னல், ஒரு சின்ன பெரிஸ்கோப், அவ்வளவுதான். தலைக்கு மேலே இருந்த திசைகாட்டியைப் படிக்க, வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண் தன் கைப்பையிலிருந்து தந்த முகக்கண்ணாடி, சூயிங்கம்மால் ஒட்டப்பட்டது. செயற்கைத் தொடுவானம் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. இருந்தது ஒரு திருப்பம் காட்டும் ஊசி, வேகமானி, உயரமானி, சாய்வைக் காட்டும் குமிழி. இவற்றைக் கூட்டிப் பார்த்து, நான் நேராக இருக்கிறேனா என்பதை மனசுக்குள் கணக்குப் போட வேண்டும், ஒவ்வொரு விநாடியும்.

அந்தக் கணக்கை உரைநடையில் காட்டும் இடம்தான் என்னைப் பொறுத்தவரை புத்தகத்தின் உச்சம், ஆவிகள் அல்ல. இரவு, உயரமான மேகத்துக்குள் போய்விட்டார். குளிர் உறைக்க, கையை வெளியே நீட்டுகிறார். ஊசி ஊசியாகக் குத்துகிறது. டார்ச் அடித்தால் இறக்கையைத் தாங்கும் கம்பியில் பனிக்கட்டி. திரும்பி வெளியேற வேண்டும். உடம்பு முழுக்க "சீக்கிரம்" என்கிறது. ஆனால் சீக்கிரமாகத் திரும்பினால் ஊசி ஓரத்துக்குப் போய்விடும், அதன்பிறகு அதற்குச் சொல்ல எதுவும் இருக்காது. ஆகவே மெதுவாக. வாக்கியங்களும் மெதுவாகின்றன. பயம் என்ற சொல்லைச் சொல்லாமலே நம் தோள்பட்டை இறுகிவிடுகிறது. இங்கே அவர் தன் உடம்பை வேறொரு ஆளாக நடத்துகிறார். அவன் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிறார், செய்வதில்லை.

குறைகளும் உண்டு. இடையிடையே வரும் பால்ய நினைவுகள் சில நீளம். தூக்கத்தோடு போராடும் பக்கங்களில் உடல், மனம், ஆன்மா என்று மூன்றாகப் பிரித்துப் பிரித்துப் பேசுவது ஒரு கட்டத்தில் சலிக்கிறது. இரண்டு விரலால் இமையைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் காட்டிய பிறகு தத்துவம் எதற்கு?

ஆனால் என் பெரிய பிரச்சினை இதுவல்ல. அந்த நிகழ்காலம்தான்.

இந்தப் புத்தகத்தை ஏறக்குறைய 14 ஆண்டுகள் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டுகள் எவை என்று பார்க்க வேண்டும். 1938 அக்டோபரில் பெர்லினில் கோரிங் கையால் பதக்கம் வாங்கினார். சில வாரங்களில் ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் எரிந்தன. பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. 1941 செப்டம்பர் 11 அன்று டெமாய்ன் நகரில், அமெரிக்காவைப் போருக்குள் தள்ளுகிறவர்கள் பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு என்று மேடையில் பேசினார். நாடே கொந்தளித்தது. பின்னர் பசிபிக்கில், ராணுவத்தில் இல்லாத ஆளாக, போர் விமானங்களில் பறந்தார். இவ்வளவும் நடக்கும்போது, மேசையில் அவர் 1927-ன் அந்தக் குட்டி அறைக்குள் உட்கார்ந்து நிகழ்காலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். நினைவுக்குறிப்பு என்றால் இன்றைய ஆள் அன்றைய ஆளைப் பார்க்க வேண்டும். இறந்தகாலத்தில் எழுதியிருந்தால், இதைச் சொல்வது யார், எந்த வயதில், எதையெல்லாம் செய்த பிறகு என்ற கேள்வி ஏதோ ஒரு வாக்கியத்தில் உள்ளே நுழைந்திருக்கும். நிகழ்காலத்தில் எழுதியதால் அந்தக் கேள்விக்குக் கதவே இல்லை. அவருக்கு எப்போதும் 25 வயது. டெமாய்ன் இன்னும் நடக்கவில்லை.

உடம்பின் சாட்சியை நம்பாதே என்று ஊசியிடம் கற்றவர், தன் சார்புகள் விஷயத்தில் நான் நேராகத்தான் பறக்கிறேன் என்று கடைசிவரை உறுதியாக இருந்தார். இது ரொம்ப வசதியான உவமை, எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் அந்த 19 பேரில் ஒருவருக்குக்கூட தான் சுழல்வதாகத் தோன்றியிருக்காது என்பதையும் மறக்க முடியவில்லை.

அப்படியானால் புத்தகத்தைத் தூக்கிப் போடலாமா என்று நண்பன் ஒருவன் கேட்டான். போடவில்லை. எழுத்தை எழுத்தாகப் பார் என்ற வழக்கமான சமாதானமும் எனக்குப் போதவில்லை. புத்தகத்தை மனைவி ஆனுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். இதில் எவ்வளவு அவள் எழுதியது என்பது அவளுக்கே தெரியாது என்ற பொருளில். ஆன் மாரோ லிண்ட்பெர்க் கணவருடன் பறந்த வழிகாட்டி, ரேடியோ இயக்குநர், அவரைவிட நல்ல எழுத்தாளர். அந்தச் சமர்ப்பணத்தைப் படித்த பிறகு, மெதுவாகத் திரும்பும் வாக்கியங்கள் யாரிடம் கற்றவை என்று யோசிக்கத் தொடங்கினேன். அவருடைய புத்தகங்களைத் தேடிப் படித்தது இதனால்தான். 1935-ல் வந்த 'நார்த் டு தி ஓரியண்ட்' முதலில் படியுங்கள். அதில் இருவர் பறக்கிறார்கள், ஒருவர் பயப்படுகிறார், அதை மறைப்பதில்லை.

ஆவிகள் போன சில மணி நேரம் கழித்து, கடலில் மீன்பிடிப் படகுகள் தெரிகின்றன. லிண்ட்பெர்க் தாழ இறங்கி, எஞ்சினைக் குறைத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அயர்லாந்து எந்தப் பக்கம் என்று கத்துகிறார். ஒரு படகின் வட்ட ஜன்னலில் ஒரு மனித முகம் தெரிகிறது. கையசைக்கவில்லை, வாய் திறக்கவில்லை. பொழுதெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஆவிகளுக்குப் பிறகு, அவர் பார்க்கும் முதல் உயிருள்ள ஆள் பேசவே மாட்டேன் என்கிறான். மறுபடி ஒரு சுற்றுச் சுற்றுகிறார். அந்த முகம் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் வீணாகிறது என்று அவர் கிளம்பிவிடுகிறார்.