நான்கு மூலைக் காசு

மலாயாவில் ஓடிய ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி நாணயத்தை நான் மட்டம் தட்டுகிறேன் என்று கிள்ளான் நண்பருக்கு மனத்தாங்கல். 1903-இல் பம்பாய் அக்கசாலையில் அடித்த ஏழாம் எட்வர்ட் வெள்ளியை அவர் வெல்வெட் துணியில் வைத்து நீட்டும்போது நானும் வாயைப் பிளந்துதான் பார்க்கிறேன். கிட்டத்தட்ட 27 கிராம் எடை. பின்புறம் முழுக்கச் சிக்குக் கோலம் போட்டாற்போல் பின்னல் வேலை, நடுவே சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். தமிழுக்கு அந்தக் கோலத்தில் புள்ளி வைக்கவில்லை. 1985-இல் சிங்கப்பூர் தன் புதிய வரிசையில் நான்கு மொழியிலும் ஊர்ப் பெயரைப் போட்ட பிறகுதான் இந்தப் பக்கத்துப் புழக்கக் காசில் நம் எழுத்தை விரலால் தடவிப் பார்க்க முடிந்தது. அது வேறு கதை.

வெள்ளி அழகுதான். ஆனால் அது கணக்குப்பிள்ளை மேசையிலும் வட்டிக்கடைப் பெட்டியிலும் கிடந்த பணம். மெக்சிகோ வெள்ளியையும் பிரிட்டிஷ் வணிக வெள்ளியையும் அள்ளிக்கொண்டுபோய் உருக்கி, அதே உலோகத்தில் புதிதாக அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1906-இல் ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று கட்டிப்போட்டார்கள். அதற்குள் உலோக விலை ஏறிவிட்டது. உருக்கினால் லாபம் என்று ஆகிவிடாமல் இருக்க, 1907-இல் உருவத்தையே சுருக்கி 20 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். 1919 முதல் வந்ததில் பாதிதான் வெள்ளி. வரலாறு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வங்கிக்காரர்களின் வரலாறு.

என் கட்சி சதுரக் காசு. மூலை மழுங்கிய செப்புச் சதுரம். அரைக் காசில் 1916, 1932, 1940. ஒரு காசில் 1919, 1920, 1926. பிறகு 1939, 1940, 1941, 1943, 1945. கடைசியாக ராணி தலை போட்ட 1956, 1957, 1958, 1961. மொத்தமே பதினைந்து. அச்சுக் கோளாறு, அக்கசாலைக் குறி என்று நுணுக்கம் பார்க்கிறவர்கள் இன்னும் கூட்டிக்கொள்ளட்டும். எனக்கு இந்தப் பதினைந்தே ஓர் ஆயுளுக்குப் போதும்.

ஒரு 1919 காசைக் கையில் எடுங்கள். எதிரெதிர் மூலை இரண்டையும் கட்டைவிரல், ஆட்காட்டி விரலுக்கிடையே பிடித்தால் முகத்தில் விரல் படாது. வட்டக் காசில் இந்த வசதி கிடையாது. ஐந்தாம் ஜார்ஜ் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். மெக்கென்னல் செதுக்கிய உருவம். கிரீடம், தாடி, முடிசூட்டு அங்கி, அங்கியின் மேல் பதக்கச் சங்கிலி. இந்த அங்கியில் தொங்கும் யானை 1911-இல் இந்திய ரூபாயில் பன்றி மாதிரித் தெரிகிறது என்று ஊரே கொதித்து, அச்சைத் திருத்தினார்களே, அதே அங்கிதான். ஒரு காசின் அளவில் அந்த யானை வெறும் பொட்டு. பத்து மடங்கு கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் நல்ல நிலையில் உள்ள காசில்தான் அந்தப் பொட்டுக்கு முதுகும் தும்பிக்கையும் உண்டு. புருவமும் கிரீடத்தின் நடுப்பட்டையும் முதலில் தேயும். பிறகு தாடியின் சுருள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பின்பக்கத்து முத்து வளையம் அதற்குப் பிறகும் தாக்குப்பிடிக்கும். முத்துகள் தனித்தனியாக எண்ண வருகிறதா, இல்லை ஒரே கயிறாகத் திரண்டுவிட்டதா என்பதை வைத்தே காசு எத்தனை கை மாறியிருக்கும் என்று நான் கணக்குப் போடுவேன்.

சதுரத்துக்குள் வட்டமான வேலைப்பாட்டை உட்கார்த்தும்போது நான்கு மூலையிலும் கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சும். ரசனை உள்ளவன் பார்க்க வேண்டிய இடமே அதுதான். புழக்கத்தில் முகமும் எண்ணும் பளபளப்பேறித் தேய, மூலை வெற்றிடத்தில் மட்டும் பழைய செந்நிறம் கருக்காமல் ஒளிந்திருக்கும். சாக்லேட் நிறத்துக்கு நடுவே நான்கு மூலையில் நான்கு செம்மை. எந்த 1903 வெள்ளியும் எனக்கு இதைக் கொடுத்ததில்லை.

சதுர வடிவம் மலாயாவில் பிறந்ததல்ல. இலங்கையில் 1909-லேயே ஐந்து சதக் காசு சதுரமாக வந்துவிட்டது; இங்கே ஒரு காசு சதுரமாவதற்கு முந்தைய வருடம், 1918-இல், இந்தியாவில் இரண்டணா. ஆனால் அவை இரண்டும் வெளுத்த நிக்கல் கலவை. செம்பு நிறத்தில் சதுரம் என்பதுதான் மலாயாக் காசின் சொத்து. அதற்கு முன் இங்கே ஓடிய எட்வர்ட் காலத்து வட்டக் காசு ஒன்பது கிராமுக்கு மேல். நாலைந்து போட்டாலே சுருக்குப் பை தொங்கிவிடும். முதல் உலகப் போரின் கடைசியில் எல்லா உலோகமும் கிராக்கி. பத்துக் காசுக்குத் தாள் நோட்டு அடித்தார்கள். பத்துக் காசு நாணயத்திலேயே வெள்ளியை நூற்றுக்கு நாற்பதாகக் குறைத்தார்கள். அந்தக் கலப்படக் காலத்தில் வந்து சேர்ந்த சதுரக் காசு மட்டும் ஏமாற்று இல்லாமல், தான் எதுவோ அதுவாகவே இருந்தது.

அதன் மதிப்பை இன்றைய ரிங்கிட் கணக்கில் சொன்னால் புரியாது. 1920-களின் கடைசியில் சட்டப்படி நிர்ணயித்த தோட்டக் கூலி, சிலாங்கூர் போன்ற பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. ரப்பர் விலை விழுந்தபோது அதுவும் பாதி அளவுக்கு வெட்டுப்பட்டது. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன ஒருத்திக்கு அன்றைய கூலி இந்தச் சதுரத்தில் நாற்பது. எங்கள் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டியவர். அவர் காலமான பிறகு சுருக்குப் பையைக் கொட்டியபோது பாக்குத் தூளோடு சேர்ந்து விழுந்தவற்றில் 1926 ஒன்று இருந்தது. அரசர் முகம் இருந்த இடத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். ஏலக்காரர் கணக்கில் அதற்கு விலையே கிடையாது. என் தட்டில் அதற்குத்தான் முதல் குழி.

அடுத்து 1943. இந்த ஒரு காசுக்காக நான் யாரோடும் சண்டை போடுவேன்.

1941-ஐக் கீழே வைத்து அதன் மேல் 1943-ஐ வையுங்கள். நான்கு பக்கமும் கீழே உள்ளது எட்டிப் பார்க்கும். போர்க்காலச் சிக்கனத்தில் உருவமும் எடையும் குறைந்துவிட்டன. மெட்காஃப் செதுக்கிய ஆறாம் ஜார்ஜ், கிரீடத்தோடு கழுத்து வரை மட்டும். அங்கி இல்லை, யானை இல்லை. அவரைச் சுற்றி ‘அரசர், இந்தியாவின் பேரரசர்’ என்ற பட்டம். பின்புறத்தில் மலாயா நாணய ஆணையர்கள் பெயரும் 1943 என்ற ஆண்டும். காசைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் 1943-இல் மலாயாவில் அரசரும் இல்லை, ஆணையர்களும் இல்லை. மண்ணை ஆண்டது ஜப்பான். கையில் ஓடியது வாழைமரம் போட்ட ஜப்பானிய நோட்டு, அதுவும் போகப்போக வரிசை எண்கூட இல்லாமல். அந்த வருடம் அக்டோபரில்தான் சயாம் மரண ரயில் பாதையின் இரு முனையும் சேர்ந்தது. தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்களில் எத்தனையோ பேர் அந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே கிடந்தார்கள். அதே அக்டோபர் 21-ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தை அறிவித்தார். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். இதெல்லாம் நடந்துகொண்டிருந்த வருடத்தை மார்பில் குத்திக்கொண்டு, எங்கோ கடலுக்கு அப்பால், ‘இந்தியாவின் பேரரசர்’ என்று ஒரு செப்புக் காசு அடிபட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் அடித்து வைத்த காசு. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்து இறங்கி, மூட்டை மூட்டையாகக் கிடந்த ஜப்பான் நோட்டு செல்லாது என்றதும், மறுபடி பழைய ஆணையர்களின் பணம் ஓட ஆரம்பித்தது. 1943 என்று போட்ட இந்தக் காசை 1943-இல் மலாயாவில் ஒருவரும் தொட்டிருக்க முடியாது.

இதைச் சொன்னால், ‘அது ரொம்பச் சாதாரணம்பா, குவியலில் கிடைக்குமே’ என்பார்கள். கிடைக்கும்தான். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலும் ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைக் கடைகளிலும் டப்பாவில் கையை விட்டால் 1943 வரும். கிடைக்காததுதான் உயர்ந்தது என்பது சேகரிப்பில் ஒட்டிக்கொண்ட வியாபார புத்தி. 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் இந்த நாடு என்ன பட்டது என்பதை இவ்வளவு மலிவாக, இவ்வளவு சின்ன இடத்தில் சொல்ல வேறு எந்தக் காசு இருக்கிறது?

அடுத்து ஒரு இடைவெளி. 1948-இல் ஐந்து, பத்து, இருபது காசுகளில் இந்தியப் பேரரசர் பட்டம் காணாமல் போயிற்று. வெறும் ‘அரசர் ஆறாம் ஜார்ஜ்’. இந்தியா கையை விட்டுப் போனதை மலாயாக்காரன் தன் பத்துக் காசில் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு காசு 1945-க்குப் பிறகு 1956 வரை அடிக்கப்படவே இல்லை. அதனால் சதுரக் காசில் மட்டும் ஆறாம் ஜார்ஜ் கடைசிவரை பேரரசராகவே இருந்துவிட்டார். சேகரிப்பவனுக்கு இந்த மாதிரி விடுபடல்கள்தான் விருந்து.

ராணி காசுகளைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முகம் வலப்பக்கம் திரும்பிவிட்டது. வேலைப்பாடு சுத்தம், உயிர் குறைவு. 1957 ஆகஸ்டில் மெர்டேக்கா, அதாவது விடுதலை, வந்த பிறகும் 1958, 1961 காசுகளில் ராணியே உட்கார்ந்திருப்பது மட்டும் வேடிக்கை. சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை எல்லாவற்றுக்கும் பொதுப் பணம், அதனால் அப்படி. 1962-இல் ராணியும் போனார், சதுரமும் போயிற்று. குறுக்காக வைத்த இரண்டு கெரிஸ் கத்திகளோடு ஒரு சின்ன வட்டக் காசு வந்தது. விடுதலையின் சின்னம் என்று கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். வடிவத்தைப் பொறுத்தவரை நாம் இழந்ததுதான் அதிகம்.

சரவாக் பக்கத்து நண்பர்கள் இந்த இடத்தில் சார்லஸ் புரூக்கின் 1890-களின் நடுத்துளைக் காசை நீட்டுவார்கள். ராஜா முகத்தைப் போட்டுவிட்டு நடுவில் ஓட்டையும் போட்ட துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. அதற்கு மேல் இல்லை.

சுதந்திர மலேசியாவின் காசுகளில் என் மனசு ஒட்டியது 1989 செம்பருத்தி வரிசையில்தான். 1967 வரிசையில் எல்லாக் காசிலும் அதே நாடாளுமன்றக் கட்டடம், பிறை, நட்சத்திரம். அளவு மட்டும் மாறும். அலுவலக முத்திரை பார்த்த மாதிரி. 1989-இல் ஒரு காசில் ரெபானா மேளம், ஐந்தில் பம்பரம், இருபதில் வெற்றிலைத் தட்டு, ஐம்பதில் வாவ் பட்டம். பத்துக் காசில் சொங்காக், நம் பல்லாங்குழியேதான். குழி குழியாகத் தடவிப் பார்க்கலாம். கெரிஸ் போட்ட ஒரு ரிங்கிட் நாணயம் கள்ளப் பணத் தொல்லையால் 2005 டிசம்பரில் செல்லாமல் போனது. ஒரு காசுக்கு 2008 ஏப்ரலில் ஐந்து காசாக்கிக் கணக்கைச் சுருக்கும் முறை வந்து வேலையில்லாமல் போயிற்று. 2012 வரிசையைப் பற்றி என்ன சொல்ல? அலங்காரம் இருக்கிறது, விளையாட்டு இல்லை. பிள்ளைகள் கையில் கொடுத்து ‘இது என்ன சொல்லு’ என்று கேட்க முடியாத காசு. உலோகத்தையும் கேட்காதீர்கள், 1970-களிலேயே ஒரு காசை எஃகில் அடித்துச் செப்பு முலாம் பூசத் தொடங்கிவிட்டார்கள். காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

காசாவது போகட்டும், காசு பார்க்கும் கண்ணும் கெட்டுவிட்டது. சந்தையில் இப்போது சதுரக் காசு கண்ணைப் பறிக்கிற ரோஜாச் சிவப்பில் வருகிறது. புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்த்த கைகள் காசையும் தேய்த்துவிடுகின்றன. செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குத் தெரியும். அதைப் பச்சையாகப் பொரிந்து அரிக்க விடாமல் தடுக்கலாம், எண்பது வருடம் கூடி வந்த நிறத்தை ஒரு உருண்டைப் புளியில் கழுவக் கூடாது. தேய்த்த காசைக் கண்ணாடியில் பாருங்கள், ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். மூலைச் செம்மையும் நடுக் கருமையும் போய், எல்லாம் ஒரே சாயம் பூசிய மாதிரி. மலிவு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பவர்கள் இன்னொரு ரகம். சில வருடங்களில் உறை கசிந்து காசின் மேல் பச்சைப் பிசுக்கு.

இதற்கெல்லாம் மருந்து என்று சொல்லி, வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி வாங்குகிறார்கள். தர எண் அறுபத்துமூன்றா அறுபத்துநான்கா என்பதுதான் இப்போதைய பேச்சு. யானை முதுகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போலிக்குப் பயந்து விலையுயர்ந்த வெள்ளியைப் பெட்டியில் போடுவது நியாயம். 1943 காசைப் பெட்டியில் போட்டவரை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். காசின் விலையைவிடப் பெட்டியின் விலை பலமடங்கு. மூலையைப் பிடித்துத் திருப்ப முடியாத சதுரக் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

கிள்ளான் நண்பர் இன்னும் விட்டபாடில்லை. போன மாதம்கூட, என் பதினைந்தையும் தட்டோடு கொடுத்தால் பம்பாய்க் குறி தெளிவாக விழுந்த ஒரு 1903-ஐத் தருகிறேன் என்றார். பாட்டியின் 1926-ஐத் தவிர மற்றதைப் பேசலாம் என்றேன். மொட்டையாய்ப் போன அந்தக் காசு இல்லாமல் வரிசை முழுமையாகாது என்கிறார் அவர். அங்கேதான் பேரம் நிற்கிறது.